கொடைக்கானலில் கதிரவனை அளந்தவர்

பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பிவிடுவது எளிது. அதே செய்தியை அளந்து பார்த்து ஏற்பதோ தள்ளுவதோ அரிது. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த அறிவின் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக, பழனி மலைத்தொடரின் மேலே பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயரைச் சொல்லலாம். அவர் பெயர் ஜான் எவர்ஷெட். கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் நம்மில் பலர் வானாய்வகத்தின் வாசலைக் கண்டு திரும்புகிறோம். அங்கே வாழ்ந்தவரின் வரலாற்றை அறிந்தவர் சிலரே.

பஞ்சமும் புள்ளிகளும்

அந்த ஆய்வகம் தோன்றிய கதையே ஓர் ஊகத்தின் கதை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்தது, ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். இனி ஒரு பஞ்சம் வருமுன் அறிய வழியுண்டா என்ற கேள்வி எழுந்தது. 1877-இல் வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி சென்னையின் மழைக் கணக்கையும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் கணக்கையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சிறுத்து வருகின்றன. அவை குறையும் காலத்தில் மழையும் குறைகிறது என்பது அவர் துணிபு. லாக்கியர் போன்ற பெரும் வானியலாரும் இக்கருத்தை ஆதரித்தனர்.

கேட்பதற்கு இனிய செய்தி. மக்களின் உயிரைக் காக்கக்கூடிய செய்தியுங்கூட. ஆகவே சூரியனை நாள்தோறும் கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மேகமும் தூசியும் குறைந்த, கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் உயர்ந்த கொடைக்கானல் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1895-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1899-இல் ஆய்வகம் செயற்படத் தொடங்கியது. மைக்கி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே கொடைக்கானலில் இந்த ஆய்வகம் இருந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. 1786-இல் வில்லியம் பெட்ரி தொடங்கியதும், பின்னர் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் நடத்தியதும் சென்னை வானாய்வகம். அதன் மரபுதான் பின்னாளில் மலையேறிற்று.

பஞ்ச ஊகம் என்னவாயிற்று? வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் சூரியப் புள்ளிகளையும் மழையையும் கணித முறையில் ஒப்பிட்டு 1915-இல் முடிவை வெளியிட்டார். மழையை முன்கூட்டிச் சொல்ல உதவும் அளவுக்கு உறுதியான தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. ஊகம் தளர்ந்தது; ஆனால் அந்த ஊகத்தால் பிறந்த ஆய்வகம் நிலைத்தது.

எண்ணெய்த் தொழிலிலிருந்து வானுக்கு

எவர்ஷெட் 1864-இல் இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் பிறந்தார். வானியலில் பட்டம் பெற்றவர் அல்லர். பிழைப்புக்கு ஓர் இரசாயன நிறுவனத்தில் எண்ணெய்களைச் சோதிக்கும் வேலை. ஓய்வு நேரத்தில் சொந்தமாக அமைத்த சிறு ஆய்வகத்தில் சூரியனை நோக்கி வந்தார். கிரகணம் காண நார்வேக்கும், 1898-இல் இந்தியாவுக்கும் சென்றார். 1906-இல் மேரி அக்வொர்த் ஓர் என்னும் வானியல் ஆர்வலரை மணந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் இருவரும் கொடைக்கானல் வந்து சேர்ந்தனர். அப்போது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. 1911-இல் எவர்ஷெட் இயக்குநரானார். மனைவியாரும் வீட்டோடு இருந்தவரல்லர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து 1917-இல் ஓர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர் அவர்.

சுழலா, பாய்ச்சலா?

1908-இல் அமெரிக்காவின் ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தப் புலம் இருப்பதைக் கண்டுபிடித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தார். புள்ளியைச் சுற்றிலும் சுருள் சுருளான வடிவங்கள் படத்தில் தெரிந்தன. எனவே சூரியப் புள்ளி என்பது நம் கடற்கரையைத் தாக்கும் புயலைப் போன்ற ஒரு சுழல் என்றே அறிஞர் பலரும் கொண்டனர். எவர்ஷெட்டும் அச்சுழற்சியின் வேகத்தை அளக்கவே முற்பட்டார்.

அளப்பது எங்ஙனம்? கொடைரோடு நிலையத்தில் நிற்கும்போது, நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் உச்சமாகவும் கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளியிலும் அதுவே நிகழ்கிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு ஊதாப் பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கமும் சிறிது நகரும்.

1909 சனவரி 5-ஆம் நாள் வானம் மிகத் தெளிவாக இருந்தது. எவர்ஷெட் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். கோடுகள் சாய்ந்திருந்தன. ஆனால் சுழலுக்கு உரிய முறையில் அல்ல. புள்ளியின் புறநிழல் பகுதியில், சூரிய வட்டத்தின் நடுவை நோக்கிய பக்கம் நம்மை நெருங்கியது. விளிம்பை நோக்கிய பக்கம் விலகியது. குறுக்கே வைத்துப் பார்த்தபோது நகர்ச்சி இல்லை. புள்ளி சுழன்றிருந்தால் இவை தலைகீழாக அமைந்திருக்க வேண்டும். ஆகவே வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் கிடையாக, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது. ஹேலின் காந்தப் புலம் உண்மை. சுழல் என்ற விளக்கம் பொருந்தவில்லை. ஹேல் நிறுவிய மௌன்ட் வில்சன் ஆய்வகத்திலேயே செயின்ட் ஜான் என்பவர் இதைத் தொடர்ந்து சோதித்து உறுதி செய்தார். இன்று உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என்று வழங்குவது இதுவே.

தம் ஊகத்துக்கும் சோதனை

பிறர் கருத்தைச் சோதிப்பது ஒரு திறமை. தம் கருத்தைத் தாமே சோதிப்பது அதனினும் பெரிது. சூரிய நிறமாலைக் கோடுகள் பொதுவாகவே சற்றுச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. சூரிய வளியின் அழுத்தமே காரணம் என்றனர் பலர். எவர்ஷெட்டும் அவருடைய உதவி இயக்குநர் ராய்ட்ஸும் அளந்து, அங்கே அழுத்தம் மிகக் குறைவு என்று காட்டினர். வாயு நம்மைவிட்டு விலகிச் செல்வதே காரணம் என்று எவர்ஷெட் கருதினார். ஆனால் நகர்ச்சி சூரியனின் விளிம்பிலும் குறையவில்லை, கூடவே இருந்தது. அப்படியானால் எல்லாப் பக்கத்து வாயுவும் பூமியைவிட்டு ஓடுவதாக ஆகும். சின்னஞ்சிறு பூமி அத்தனை பெரிய சூரியனின் வாயுவைத் தள்ளுமா?

நகைத்து ஒதுக்காமலும் நம்பிவிடாமலும் அவர் ஒரு சோதனை வகுத்தார். வெள்ளிக் கோள் சூரியனின் மறுபக்க ஒளியை நமக்குக் காட்டும் கண்ணாடியாகும். பூமிதான் காரணம் என்றால் வெள்ளியின் ஒளியில் நகர்ச்சி மாற வேண்டும். எடுத்த படங்கள் முதலில் அவ்வாறே காட்டின! ஆனால் 1921-இல் செயின்ட் ஜானும் நிக்கல்சனும், வெள்ளி வானில் தாழ்ந்திருக்கும்போது பூமியின் காற்று மண்டலம் விளைக்கும் பிழை இதில் கலந்திருப்பதைக் காட்டினர்.

இதற்கிடையே ஐன்ஸ்டைன், சூரியனின் ஈர்ப்பினால் ஒளியின் அலைநீளம் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு கூடும் என்று கூறியிருந்தார். தொடக்கத்தில் இதை ஏற்கத் தயங்கிய எவர்ஷெட், பல கோடுகளைத் திரும்பத் திரும்ப அளந்து, 1923-ஐ ஒட்டிய காலத்தில் ஐன்ஸ்டைன் சொன்ன பெயர்ச்சி சூரியனில் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். விளிம்பில் மிகுதியாக உள்ள பகுதிக்கு வேறு விளக்கம் தேவை என்பதையும் மறைக்கவில்லை. 1922 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் கிரகணம் காணச் சென்றபோது கருவிகள் ஒத்துழைக்காமையால் வெறுங்கையோடு திரும்பினார். அங்கேயே வெற்றி கண்டது காம்பெல் தலைமையிலான அமெரிக்கக் குழு.

1923-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய எவர்ஷெட், எண்பது வயது கடந்த பின்னும் சொந்த ஆய்வகத்தில் சூரியனைக் கவனித்து வந்தார். 1956-இல் தமது 92-ஆம் வயதில் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டியது

1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒரே இராசியில் கூடுவதால் உலகம் அழியும் என்று நாடெங்கும் அஞ்சி யாகங்கள் நடந்தன. அந்த நாட்களும் மற்ற நாட்களைப் போலவே கழிந்தன. கிரகண வேளையில் சமைத்த சோறு நஞ்சாகும் என்பதை இன்றும் நம் வீடுகளில் கேட்கிறோம். பட்டம் பெற்ற நாமே மறுப்பதற்குத் தயங்கி, சோற்றைக் கொட்டிவிடுகிறோம்.

எவர்ஷெட்டின் வழி இங்கே நமக்கு உதவும். இது உண்மையானால் எதைக் காண வேண்டும், பொய்யானால் எதைக் காண வேண்டும் என்று முதலில் வரையறுப்பது. பின்பு கண்டதைக் கண்டபடி எழுதுவது. நம் விருப்பத்துக்கு இசைந்த முடிவை இரட்டிப்பாகச் சோதிப்பது. இதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டியதில்லை. அடுத்த கிரகணத்தன்று வீட்டுச் சோற்றில் ஒரு பிடியை மூடிவைத்து, மற்றொரு நாள் அதே நேரம் மூடிவைத்த சோற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை கொடைக்கானல் செல்லும் நண்பர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல் வானாய்வகத்தையும் ஒரு முறை பார்த்து வரவேண்டும். நூற்றாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட கதிரவன் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன.