பறவைக் குலத்தின் மரபு தேடிய ஹக்ஸ்லி

முற்றத்தில் மேயும் கோழியின் காலை ஊன்றி நோக்குவோர், அதிற் செதில்கள் செறிந்திருப்பதையும், விரல்கள் மூன்று முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் அமைந்து கூரிய நகம் தாங்கியிருப்பதையும் காண்பர். மேலே மெல்லிய இறகு. கீழே பல்லிக்கும் ஓணானுக்கும் உரியது போன்ற செதில். நாள்தோறும் காணும் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லையெனக் கடந்து செல்வதே நம் இயல்பு. அங்ஙனம் கடவாது நின்று, பறவையும் ஊர்வனவும் ஒரு குலத்தைச் சார்ந்தனவே என்று எலும்புகளைச் சான்று காட்டி வாதித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலப் பேரறிஞர். திருச்சபையாரோடு நெடுங்காலம் வழக்காடியவரெனப் பெயர் பெற்ற ஒருவரின் சரிதத்தைக் கிறிஸ்தவ மாணவராகிய யாம் எழுதப் புகுந்தது சிலருக்குப் பொருந்தாததாய்த் தோன்றக்கூடும். அவரை அறியாது வெறுப்பதினும், அறிந்து, வேண்டுமிடத்து மாறுபடுவதே கற்பார்க்கு ஏற்றதென யாம் கருதியதனால் இதனை எழுதத் துணிந்தோம்.

ஹக்ஸ்லி 1825-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி இலண்டனுக்கு அணித்தாயுள்ள ஈலிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியிற் கணிதம் கற்பித்த உபாத்தியாயர். அப்பள்ளி சீர்குலையவே குடும்பமும் தளர்ந்தது. உபாத்தியாயரின் மைந்தர் முறையாகப் பள்ளியிற் பயின்றது இரண்டே ஆண்டுகள் என்றால் நம்புதல் அரிது. எனினும் அவர் கைக்கெட்டிய நூல்களையெல்லாம் படித்தார். ஜெர்மன் மொழியைத் தாமே கற்றார். வைத்தியராயிருந்த உறவினரிடம் தொழில் பழகினார். 1842-ல் உபகாரச் சம்பளம் பெற்று இலண்டனிலுள்ள சேரிங் கிராஸ் வைத்தியசாலையிற் கற்கலானார். அங்கே பயிலுங் காலத்திலேயே, மயிரின் வேரைச் சூழ்ந்த உறையில் அதுகாறும் எவரும் காணாத படலம் ஒன்றைக் கண்டு 1845-ல் வெளியிட்டார். அஃது இன்றும் ஹக்ஸ்லிப் படலமென்றே வழங்குகின்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபது. எம்மினும் ஓராண்டே மூத்தவர் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு நாணம் மிகுகின்றது.

பிழைப்புக்கு வழி வேண்டிக் கடற்படையில் உதவி வைத்தியராய் அமர்ந்து, 1846-ம் ஆண்டின் இறுதியில் ராட்டில்ஸ்நேக் என்னும் கப்பலேறினார். ஆஸ்திரேலியாவின் வடகீழ்க் கரையையும் நியூ கினித் தீவின் கரையையும் அளந்து படம் வரைதல் அக்கப்பலின் பணி. சொறி என்று நம் பரதவர் கூறும் இழுதுமீன்களைக் கடலினின்று எடுத்து அறுத்து ஆராய்ந்து, அவற்றின் உடல் இரண்டு படலங்களால் ஆயதென நிறுவினார். 1850-ல் தாயகம் திரும்பிய அவரை, மறு ஆண்டே இராயல் சொஸைட்டியார் தம் அங்கத்தினராக்கிக் கொண்டனர். புகழ் வந்ததேயன்றிப் பொருள் வரவில்லை. சிட்னி நகரில் 1847-ல் மணம் பேசி வைத்திருந்த ஹென்றியெட்டா ஹீதோர்ன் என்னும் நங்கையை 1855-ல்தான் மணக்க முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இலண்டன் சுரங்கக் கலாசாலையில் ஆசிரியர் பதவி அவருக்குக் கிட்டியிருந்தது.

1859-ல் டார்வின் தம் நூலை வெளியிட்டார். டார்வின் நோயாளி, சபையேறி வாதிடும் இயல்பினரல்லர். அவருக்காக வழக்காடும் பணியை ஹக்ஸ்லி தாமே மேற்கொண்டார். 1860-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி ஆக்ஸ்போர்டில் அத்தியட்சர் வில்பர்போர்ஸுக்கும் அவருக்கும் நிகழ்ந்த வாதத்தை அறியாதார் இல்லை. அங்கே பேசப்பட்டதை எவரும் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திலர். பின்னர் எழுதினோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய் எழுதினர். ஆதலின் அதனை விரித்துரைப்பதில் பயனில்லை.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த மற்றொன்று எம் மனத்தை மிகுதியும் உருக்குவது. செப்டம்பர் மாதத்தில், நான்கு வயது நிரம்பாத மூத்த மகன் நோயல் செம்புள்ளிக் காய்ச்சலால் திடீரென இறந்தான். குருவானவரும் நாவலாசிரியருமாகிய சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் கூறி எழுதினார். ஹக்ஸ்லி அதற்கு நெடியதோர் விடை வரைந்தார். மறுமையை மறுக்கவும் தமக்குச் சான்றில்லை, நம்பவும் சான்றில்லை. துயரம் வந்தவிடத்து, ஆசைக்கு இணங்கி அறிவின் நேர்மையைக் கைவிடுதல் தம்மால் ஆகாது என்பதே அவ்விடையின் கருத்து. அம்முடிபை யாம் ஏற்கவில்லை. ஆனால், மகனைப் புதைத்த சில நாட்களில் ஒரு குருவானவரிடம் தம் உள்ளத்தை இத்துணை ஒளிவின்றித் திறந்தவரை விசுவாசத்தின் பகைவரென்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடவும் எமக்கு மனம் ஒருப்படவில்லை.

இனிப் பறவைக்கு வருவோம். ஜெர்மனியில் பவேரிய நாட்டுச் சோல்ன்ஹோபன் என்னுமிடத்தில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் மிக நுண்ணிய மணலையொத்தது. கல்லச்சு வேலைக்கு உலகெங்கும் சென்றது. அக்கல்லைப் பிளக்குங்கால் 1861-ல் ஓர் இறகின் சுவடு வெளிப்பட்டது. இறகோடு கூடிய எலும்புருவம் ஒன்றும் அக்காலத்திலேயே கிடைத்தது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் எனப் பெயர் பெற்ற இப்பிராணிக்குப் பறவைபோல் இறகும், பல்லிபோல் நீண்ட எலும்பு வாலும், சிறகின்மேல் நகமுள்ள விரல்களும் இருந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தார் 1862-ல் 700 பவுன் கொடுத்து அக்கல்லுருவையும் அதனோடு கூடிய திரட்டையும் வாங்கினர். டைனோசார் என்னும் பெயரை 1842-ல் படைத்த ரிச்சர்டு ஓவன் அதனை ஆராய்ந்து எழுதினார். ஹக்ஸ்லி 1868-ல் அதனை மீண்டும் நோக்கி, ஓவன் வலப்பக்க உறுப்புகளை இடப்பக்கத்தனவென மாறிக் கொண்டாரென்று எடுத்துக்காட்டினார். உண்மைதான், எனினும் ஓவனைத் திருத்துவதில் அவர் கொண்ட மகிழ்ச்சி சற்று மிகையோவென ஐயுறுகின்றோம். இருவருக்கும் நெடுநாட் பகை.

ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஒன்றே ஹக்ஸ்லியின் கொள்கைக்கு அடிப்படையெனப் பலர் எண்ணுவர். அஃது அன்று. அவர் அதனைப் பெரிதும் பறவையாகவே கொண்டார். அவர் தேடியது ஊர்வனவற்றுள் பறவையை நெருங்கி நிற்பது எது என்பதையே. 1867-ல் ஆக்ஸ்போர்டு சென்றிருந்தபோது, பேராசிரியர் ஜான் பிலிப்ஸ் காத்துவந்த மெகலோசாரஸின் எலும்புகளைப் பார்வையிட்டார். தோளுக்குரியதென வைத்திருந்த ஓர் எலும்பு உண்மையில் இடுப்பெலும்பு என்பது அவருக்குப் புலனாயிற்று. அதனை உரிய இடத்தில் வைத்ததும், அப்பெருவிலங்கின் பின்னுடல் பறவையின் அமைப்பை ஒத்தது. அதன்பின் தீக்கோழி முதலியவற்றின் எலும்பையும் டைனோசார்களின் எலும்பையும் அருகருகே வைத்து அளந்தார். பரட்டெலும்பின் மேற்புறத்தினின்று ஒரு கூர் எழுந்து கணைக்கால் எலும்பின்மேற் பொருந்துதல் டைனோசாருக்கு உரியது. வளர்ந்த கோழியில் அவ்விரண்டும் ஒன்றாய் இறுகிவிடுவதால் தோன்றாது. முட்டையினுள் வளரும் குஞ்சினைப் பார்த்தால் தெளிவாய்த் தோன்றும். பாதி பொரிந்த குஞ்சின் காலும் இடுப்பும் பேருருவாகிக் கல்லாய்ச் சமைந்து கிடைத்திருக்குமாயின், அவற்றை டைனோசாரின் உறுப்பென்று கொள்வதற்குத் தடையே இராது என்பது அவர் துணிபு.

அதே பவேரியக் கல்லிற் கிடைத்த காம்ப்சோக்னதஸ் என்னும் சிறிய டைனோசாரும் அவருக்குத் துணையாயிற்று. டைனோசார் என்றவுடன் மலைபோன்ற உடலையே நினைப்பார்க்கு, கோழியினும் சற்றே பெரிதாய், பின்னங்கால்களில் நடந்த இஃது ஒரு வியப்பு. வைட் தீவிற் கிடைத்த மற்றொன்றுக்கு அவர் 1869-ல் ஹிப்சிலோபோடன் எனப் பெயரிட்டார். அதனைத் தேடி எடுத்தவர் வில்லியம் பாக்ஸ் என்னும் குருவானவர். மெகலோசாரஸுக்கு 1824-ல் பெயரிட்ட பக்லண்டும் குருவானவரே. ஹக்ஸ்லியின் வழக்குக்குச் சான்றுகளிற் சில திருச்சபை ஊழியர் கையினின்றே வந்தன என்பதை இரு திறத்தாரும் மறந்துவிடுகின்றனர்.

எதிர்ப்பு அறிஞரிடமிருந்தே எழுந்தது. இரு கால்களால் நடக்கும் பிராணிகளுக்கு எலும்பும் ஒத்தே அமையும். அவ்வொப்புமை உறவாகாது என்றார் ஸீலி. 1926-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஹைல்மன் என்பாரின் நூல், டைனோசார்களுக்குக் காறையெலும்பு இல்லை. இழந்த உறுப்பு மீண்டும் தோன்றாது. ஆதலின் பறவை அவற்றின் வழிவந்ததன்று என முடிவு கட்டியது. நெடுங்காலம் அதுவே நிலைத்தது. பின்னர்ப் பல டைனோசார்களிடம் காறையெலும்பு காணப்பட்டது. 1964-ல் அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் ஆஸ்ட்ரம் என்பார் டைனானிகஸின் எலும்புகளைக் கண்டெடுத்து, அதன் கையமைப்பு ஆர்க்கியாப்டெரிக்ஸின் கையோடு ஒத்திருத்தலைக் காட்டினார். 1996-ல் சீன தேசத்து லியாவோனிங் மாகாணத்தில் உடலில் தூவி போன்ற இழைகளோடு கூடிய டைனோசாரே அறியப்பட்டது. ஆயினும் ஹக்ஸ்லி கூறியவெல்லாம் நிலைத்துவிடவில்லை. ஹிப்சிலோபோடனின் இடுப்பெலும்பு பறவையின் இடுப்பெலும்பு போலப் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலை அவர் பெருஞ் சான்றாய்க் கொண்டார். பறவைகளோ அக்கிளையில் தோன்றாது, மெகலோசாரஸும் காம்ப்சோக்னதஸும் சேர்ந்த மறுகிளையில் தோன்றின என்பது இற்றை அறிஞர் முடிபு. வழக்கு வென்றது, சாட்சிகளுள் ஒருவர் தவறானவர்.

1876-ல் அவர் அமெரிக்கா சென்று, பேராசிரியர் மார்ஷ் திரட்டியிருந்த பழங்காலக் குதிரைகளின் எலும்புகளையும், பல்லுடைய பறவைகளின் எலும்புகளையும் கண்டு மகிழ்ந்தார். தம் சமயநிலையைக் குறிக்க ஆக்னாஸ்டிக் என்னும் சொல்லை 1869-ல் ஆக்கியவரும் அவரே. அச்சொல்லை ஆக்கியவர், 1870-ல் இலண்டன் பள்ளிக் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சமயக் கோட்பாடு புகுத்தாமல் வேதாகமத்தைப் பிள்ளைகள் பள்ளியிற் படிக்கவேண்டுமென்று பரிந்து பேசினார். ஏழைச் சிறுவர்க்கு அதனினும் சிறந்த ஒழுக்க நூலும் மொழிநூலும் இல்லையென்பது அவர் எண்ணம். நண்பர் சிலர் திகைத்தனர். எமக்கும் இது முதலிற் படித்தபோது திகைப்பே.

1883 முதல் 1885 வரை இராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்து, உடல் தளர்ந்து ஓய்வு பெற்றுக் கடற்கரையூராகிய ஈஸ்ட்போர்னில் வாழ்ந்து, 1895-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி காலமானார். ஜூலை 4-ந் தேதி இலண்டனுக்கு வடக்கேயுள்ள பின்ச்லி கல்லறைத் தோட்டத்தில், சகோதரர் ஜார்ஜும் சிறுவன் நோயலும் உறங்கும் இடத்தருகே அவரை அடக்கம் செய்தனர். நோயலுக்குக் குழி வெட்டிய நாளில் அங்கே சிறு கன்றாய் நின்ற ஓக் மரம், முப்பத்தைந்து ஆண்டுகளில் வளர்ந்து அக்கல்லறைகளின்மேல் நிழல் பரப்பியிருந்தது.