ப்ரூஸ் மெக்லாரனும் ஒரு மண்தரை ஷெட்டும்

முதல் செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். அங்கே கையில் கிடைத்ததுதான் ப்ரூஸ் மெக்லாரனின் வாழ்க்கை. மெக்லாரன் என்றால் இன்று ரொம்பப் பெரிய பெயர். ஆரம்பம் அப்படி இல்லீங்க.

1937-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர். அப்பா பெட்ரோல் பங்க்கும் ஒர்க்‌ஷாப்பும் வைத்திருந்தார். ஒன்பது வயதில் இடுப்பு எலும்பில் நோய் வந்து, ஏறக்குறைய இரண்டு வருடம் கட்டிலோடு கிடந்தார் ப்ரூஸ். எழுந்தபோது இடது கால் குட்டை. கடைசி வரை விந்தி விந்தித்தான் நடந்தார். அப்பாவும் மகனுமாக ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து மாட்டி, அதில்தான் போட்டிக்குப் போனார். 1958-ல் உதவித்தொகை கிடைத்து ஐரோப்பா. 1959-ல் கூப்பர் அணிக்காக அமெரிக்க கிராண்ட் பிரியில் முதலிடம். வயது 22.

அதோடு சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். 1963-ல் சொந்த அணி தொடங்கினார். லண்டன் பக்கம் நியூ மால்டனில் ஒரு ஷெட். மண் தரை. அதிலும் பாதி இடத்தை ரோடு போடுகிற மெஷின் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. நம்ம ஊர் லாரி ஷெட்டே தேவலாம்!

1966-ல் ஃபார்முலா ஒன் இன்ஜின் அளவை ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராக மாற்றினார்கள். சின்ன அணிக்கு யார் இன்ஜின் தருவார்? ஃபோர்டின் 4.2 லிட்டர் இண்டியானபோலிஸ் இன்ஜினை எடுத்து மூன்று லிட்டராகக் குறைத்தார்கள். காரின் உடல், இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டிய பலகை; நல்ல விறைப்பு. இன்ஜின்தான் காலை வாரியது. எடை அதிகம், பவர் குறைவு, சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். மொனாக்கோவில் முதல் ரேஸ். 9 சுற்றில் ஆயில் கசிந்து நின்றுபோச்சு. பிறகு இத்தாலியின் செரெனிசிமா இன்ஜினை மாட்டி, பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் ஆறாவதாக வந்தார். ஒரே ஒரு பாயிண்ட்.

1968-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில்தான் அவர் அணிக்கு ஃபார்முலா ஒன்னில் முதல் வெற்றி. முன்னால் போன ஸ்டூவர்ட்டுக்குக் கடைசியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஜெயித்தது தான் என்பதே தெரியாமல் வண்டியை நிறுத்தியிருக்கிறார் மனுஷன்!

1970 ஜூன் 2, இங்கிலாந்தின் குட்வுட்டில் புதுக் காரைச் சோதித்து ஓட்டும்போது பின்பக்க பாடி கழன்று, மோதி இறந்தார். வயது 32. ஜூன் 14 அன்று கனடாவில் அதே ரகக் கார் முதலாவதாக வந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் அரியரையும் சொன்னேன், இந்தக் கதையையும் சொன்னேன். அவர் லாரி ஷெட்டில் கிளீனர். அரியரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆயில் எந்த இடத்தில் கசிந்தது என்றுதான் கேட்டார்.