நியூயார்க்கின் இரட்டைக் கோபுர வீடுகள்... யார் இந்த எமரி ராத்?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்று மேற்கே பார்த்தால், மரங்களுக்கு மேலே ஜோடி ஜோடியாகக் கோபுரங்கள் தெரியும். அதில் உச்சியில் குட்டி கிரேக்கக் கோயிலைத் தூக்கி வைத்தது மாதிரி இருப்பதுதான் சான் ரெமோ. ஹாலிவுட் நட்சத்திரங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். இதை வடிவமைத்த எமரி ராத், கட்டடக்கலைக் கல்லூரிப் பக்கமே போகாதவர்.

யார் இவர்?

இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் செச்சோவ்சே ஊரில், 1871-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1884-ல் அமெரிக்கா போனபோது சின்னப் பையன். வேலை பார்த்துக்கொண்டே தொழிலைக் கற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக வரைபடம் போடும் வேலை கிடைத்தது. அங்கே பிரபல கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட்டின் அறிமுகம் கிடைக்க, நியூயார்க் வந்து சேர்ந்தார்.

ஏன் இரண்டு கோபுரம்?

வெறும் அழகுக்காகன்னு நினைச்சா தப்பு. இதுக்குப் பின்னாடி ஒரு சட்டம் இருக்கு. பெரிய மனையாக இருந்தால், குடியிருப்புக் கட்டடத்தின் மேல் கோபுரம் எழுப்பலாம் என்று நியூயார்க்கில் 1929-ல் அனுமதி வந்தது. குறைந்தது 30,000 சதுர அடி வேண்டும். ராத் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒரே பருத்த கோபுரமாகக் கட்டினால் நடுவில் வரும் அறைகளுக்கு ஜன்னல் கிடைக்காது. இரண்டாகப் பிரித்துவிட்டால் நாலு பக்கமும் வெளிச்சம், காற்று. அதனால் 17 மாடி வரை ஒரே கட்டடம், அதற்கு மேல் தலா 10 மாடிக்கு இரண்டு கோபுரங்கள், மொத்தம் 27 மாடி. வாசலும் லாபியும்கூட தனித்தனி. வீட்டுக்குள்ளேயும் நீண்ட இருட்டு நடைபாதை கிடையாது. நடுவில் ஒரு முன்கூடம், அதைச் சுற்றி அறைகள். இது ராத்தின் பழைய பழக்கம். உண்மையில் கோபுரங்களைவிட இதுதான் அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம்.

ஆனால் நேரம் சரியில்லை!

வேலை நடக்கும்போதே, 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1930-ல் கட்டடம் தயார், குடிவரத்தான் போதுமான ஆள் இல்லை. அந்த டிசம்பரிலேயே, பின்னால் இருந்த பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் மூடப்பட்டது. 1940-ல் சான் ரெமோவும், ராத் வடிவமைத்த இன்னொரு ஆடம்பரக் கட்டடமான பெரஸ்ஃபோர்டும் சேர்ந்தே கைமாறின. விலை? இருந்த அடமானக் கடனுக்கு மேல் வெறும் 25,000 டாலர். ஆமாம், இரண்டுக்கும் சேர்த்துத்தான்!

ராத் 1948-ல் இறந்தார். தொழிலை மகன்கள் ஜூலியனும் ரிச்சர்டும் எடுத்து நடத்தினார்கள். பிற்பாடு மினோரு யமசாகியுடன் இணைந்து அவர்களின் 'எமரி ராத் அண்ட் சன்ஸ்' நிறுவனம் வேலை செய்ததும் ஒரு இரட்டைக் கோபுரத்துக்குத்தான். 2001 செப்டம்பர் 11-ல் தகர்க்கப்பட்ட உலக வர்த்தக மையம் அது.