கொக்ரெயிலுக்கு விளக்கம் எழுதிய பத்திரிகை ஆசிரியர்

முல்லைத்தீவில் ஒரு சிறிய மாத இதழில் வேலை செய்கிறேன். பனங்கள்ளையும் தவறணைகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காக மதுவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அப்போதுதான், கொக்ரெயில் என்ற கலவை மதுவுக்கு, இன்று தெரிந்த அளவில், அச்சில் முதன்முதல் விளக்கம் கொடுத்தது ஒரு சிற்றூர்ப் பத்திரிகை என்று அறிந்தேன். அதன் ஆசிரியர் ஹரி குரொஸ்வெல். சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும்.

1778இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்த அவர், 1801இல் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் பட்டினத்தில் ‘தராசு’ என்று பொருள்படும் பெயருடைய வார இதழைத் தொடங்கினார். அரசியல் எதிராளிகள் அதே ஊரில் ‘தேனீ’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். பதிலுக்கு இவர் 1802இல் ‘குளவி’யைப் பறக்கவிட்டார்.

ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன், முன்னைய ஜனாதிபதிகளான வோஷிங்டனையும் அடம்ஸையும் இழிவுபடுத்தி எழுத ஒருவருக்குக் காசு கொடுத்தார் என்று ‘குளவி’ எழுதியது. குரொஸ்வெல் மீது அவதூறுக் குற்றம் சுமத்தப்பட்டு, 1803இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். எழுதியது உண்மை என்று நிரூபிக்க அவருக்கு இடம் தரப்படவில்லை. அன்றைய சட்டத்துக்கு எழுதினாரா இல்லையா என்பதே கேள்வி. உண்மையா பொய்யா என்பதல்ல.

1804இல் மேன்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர் அலெக்சாண்டர் ஹமில்டன். நல்ல நோக்கத்தோடு உண்மையை எழுதியவரைத் தண்டிக்கக்கூடாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தனர். தீர்ப்பு மாறவில்லை, தண்டனையும் விதிக்கப்படவில்லை. அவ்வருடம் ஜூலையில் ஹமில்டன் துப்பாக்கிச் சண்டையொன்றில் காயமடைந்து இறந்தார். ஆனால் 1805இல் நியூயோர்க் சட்டசபை அவருடைய வாதத்தையே சட்டமாக்கியது.

1806 மே மாதம், தேர்தலில் தோற்ற வேட்பாளர் ஒருவர் மதுவுக்குச் செலவழித்த கணக்கை வார இதழ் கேலியாக வெளியிட்டது. அதில் கொக்ரெயிலும் இருந்தது. அது என்ன என்று ஒரு வாசகர் கேட்டார். மே 13ஆம் திகதி பதில் வந்தது: மது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு. இதை விழுங்கியவர் எதையும் விழுங்குவார், ஆகவே எதிர்க்கட்சி வேட்பாளருக்கு நல்ல உதவி என்ற குத்தலும் கூடவே இருந்தது.

பிறகு கடன் அவரை நெருக்கியது. இதழை அல்பனிக்குக் கொண்டுபோயும் தப்ப முடியவில்லை. கடனுக்காகச் சிறையும் சென்றார். பத்திரிகையை விட்டு மதகுருவாகி, 1815 முதல் 1858இல் இறக்கும்வரை நியூஹேவன் நகரத் திரித்துவ ஆலயத்தில் பணியாற்றினார். அதே நகரில் இளமையில் மதுக்கலவைத் தொழில் பழகிய ஜெரி தோமஸ் என்பவர், 1862இல் அத்தொழிலுக்கான புகழ்பெற்ற கையேட்டை வெளியிட்டார்.

இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல்தான் நீக்கப்பட்டது. ஆனாலும் செய்தி எழுதியதற்காக விசாரணைக்கு அழைக்கப்படுவது வன்னிச் செய்தியாளர்களுக்கு இன்றும் புதிதல்ல. குரொஸ்வெல் கட்சிக்காரர், வாய்த்துடுக்கு உள்ளவர். அப்படிப்பட்டவருக்கும் உண்மை கேடயமாக வேண்டும் என்பதைத்தான் அந்த வழக்கு நிலைநாட்டியது. நல்ல பிள்ளைகளுக்கு மட்டும் கிடைப்பது பத்திரிகைச் சுதந்திரம் அல்ல.