வள்ளியம்மைக்கு இல்லாத வரி

தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது தில்லையாடியில் அல்ல, தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22-ஆம் நாள். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர்.

அந்நாளில் நேட்டால் மாகாணத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத தொழிலாளர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். 16 வயதான பையனுக்கும் 13 வயதான பெண்ணுக்கும்கூடத் தனி வரி. வள்ளியம்மையின் தந்தை கடை வைத்திருந்தது டிரான்ஸ்வாலில். இந்த வரி அவர்களுக்கு இல்லை. ஆனால் 1913-இல் வந்த ஒரு தீர்ப்பு அவர்கள் வீட்டையும் விடவில்லை. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாதாம்! பெற்ற தாயே சட்டப்படி மனைவி அல்லர் என்றாகிவிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் தாயும் மகளும் காந்தியின் போராட்டத்தில் இணைந்து, அனுமதியின்றி மாகாண எல்லையைத் தாண்டினர். மூன்று மாதக் கடுங்காவல். வள்ளியம்மைக்கு வயது 15. இங்கே என்றால் படிவம் மூன்று மாணவி. மாரிட்ஸ்பர்க் சிறையில் கடும் காய்ச்சல் கண்டது. விடுதலையானபோது உடலில் எலும்புதான் மிச்சம். சிறை சென்றதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டார். இல்லை, மறுபடியும் செல்லத் தயார் என்று சொல்லிவிட்டார் அந்தப் பெண்.

1914 பிப்ரவரி 22, தம் பதினாறாவது பிறந்தநாளன்று இறந்தார்.

அவ்வாண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. வாக்குரிமை கிடைக்கவில்லை, எல்லைத் தடையும் நீங்கவில்லை. ஆனால் திருமணங்கள் செல்லும் என்றானது. அதன்பின் நேட்டாலில் 13 வயதை எட்டிய எந்தப் பெண்ணுக்கும் அந்த மூன்று பவுன் வரி இல்லை.