மால்கம் லாக்ஹீட்

மால்கம் லாக்ஹீட் (1886 – ஆகஸ்ட் 13, 1958) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இயந்திரவியல் வல்லுநரும், வானூர்தித் துறை முன்னோடியும், தொழில் முனைவோரும் ஆவார். தானுந்தின் நான்கு சக்கரங்களையும் நீர்மத்தின் அழுத்தத்தால் நிறுத்தும் ஹைட்ராலிக் பிரேக் முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் என்பதால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். தம்பி ஆலன் லாக்ஹீடுடன் சேர்ந்து இவர் மேற்கொண்ட வானூர்தி முயற்சிகள், பின்னாளில் லாக்ஹீட் வானூர்தி நிறுவனம் தோன்ற வழிவகுத்தன. இவரது பிரேக் முறை ஓட்டுநரின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த கம்பிகளை நீக்கி, அவ்விடத்தில் ஒரு நீர்மத்தை வைத்தது. அதனால் வாகனத்தில் உள்ளோரின் பாதுகாப்பு அந்நீர்மத்தின் தரத்தைப் பொறுத்ததாக ஆனது.

பெயர்

இவரது குடும்பம் இசுக்காட்லாந்து வழிவந்தது. குடும்பப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் அதன் ஒலிப்புடன் பொருந்தாதது. எழுத்தில் கண்டோர் அப்பெயரைப் பலவாறாகத் தவறாக ஒலித்து வந்தனர். எனவே 1919 ஆம் ஆண்டில் தமது பிரேக் நிறுவனத்தைத் தொடங்கியபோது, மால்கம் ஒலிப்புக்கு ஏற்ற எளிய எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினார். ஆலன் 1926 ஆம் ஆண்டில் தொடங்கிய வானூர்தி நிறுவனத்துக்கும் இதே எழுத்துக்கூட்டல் சூட்டப்பட்டது. ஆலன் 1934 ஆம் ஆண்டில் தம் பெயரையும் சட்டப்படி அவ்வாறே மாற்றிக்கொண்டார். ஆகவே இன்று உலகம் வானூர்திகளுடன் தொடர்புபடுத்தும் பெயர், அந்த எழுத்து வடிவில் முதலில் நிலைபெற்றது தானுந்துப் பிரேக்குகளால் ஆகும்.

இளமையும் குடும்பமும்

மால்கமின் தந்தை ஜான், தாய் ஃபுளோரா ஹெயின்ஸ். ஃபுளோரா புதின ஆசிரியராகவும் இதழாளராகவும் விளங்கியவர். கணவரைப் பிரிந்த பின் பிள்ளைகளைக் கலிபோர்னியாவில் தாமே வளர்த்தார். மால்கமின் ஒன்றுவிட்ட அண்ணன் விக்டர் ஒரு பொறியாளர். வானூர்திகளைப் பற்றி 1909 ஆம் ஆண்டில் நூல் எழுதியவர். தம்பி ஆலன் 1889 ஆம் ஆண்டில் பிறந்தார்.

இயந்திரங்களில் ஆர்வம் கொண்டிருந்த மால்கம், இளம் வயதிலேயே சான் பிரான்சிஸ்கோவில் தானுந்துப் பழுதுநீக்குநராகப் பணியாற்றினார். தானுந்துகள் விரைவாகப் பெருகிய காலம் அது. எஞ்சின்களின் திறன் ஆண்டுதோறும் உயர்ந்தது; வாகனத்தை நிறுத்தும் கருவிகள் அதற்கு ஈடாக முன்னேறவில்லை.

வானூர்தி முயற்சிகள்

1912 ஆம் ஆண்டில் சகோதரர்கள் இருவரும் பிறர் முதலீட்டுடன் ஆல்கோ நீர் வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கினர். நீரில் இறங்கி ஏறக்கூடிய, மாடல் ஜி எனப் பெயரிடப்பட்ட வானூர்தியை அவர்களே வடிவமைத்துக் கட்டினர். அது ஜூன் 15, 1913 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து முதன்முதலாகப் பறந்தது. 1915 ஆம் ஆண்டில் அந்நகரில் நடைபெற்ற பனாமா-பசிபிக் பன்னாட்டுப் பொருட்காட்சியின்போது, ஆளுக்கு 10 டாலர் கட்டணத்தில் சுமார் 600 பேர் அதில் பறந்தனர்.

1916 ஆம் ஆண்டில் சகோதரர்கள் சாண்டா பார்பராவில் சொந்த வானூர்தி நிறுவனம் ஒன்றை நிறுவினர். பின்னாளில் புகழ்பெற்ற வடிவமைப்பாளரான ஜாக் நார்த்ரோப் இங்குதான் தம் பணியைத் தொடங்கினார். எஃப்-1 என்ற பெரிய பறக்கும் படகு 1918 ஆம் ஆண்டில் இங்கு உருவானது. முதலாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க அரசு தன்னிடம் மிகுந்த வானூர்திகளை மலிவாக விற்றது. அதனால் புதிய வானூர்திகளுக்குச் சந்தை இல்லாமல் போனது. இந்நிறுவனம் 1921 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1919 ஆம் ஆண்டில், மால்கம் வானூர்தித் தொழிலை விட்டு டிட்ராயிட் நகருக்குச் சென்றுவிட்டார்.

ஹைட்ராலிக் பிரேக்

பின்னணி

அக்காலத் தானுந்துகளில் பிரேக் மிதியின் விசை, தண்டுகள், கம்பிகள், நெம்புகோல்கள் ஆகியவற்றின் வழியே சக்கரங்களைச் சென்றடைந்தது. பெரும்பாலான வாகனங்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. கம்பிகள் நாளடைவில் நீண்டும், இணைப்புகள் தேய்ந்தும் போவதால் ஒரு சக்கரம் முந்தியும் மற்றொன்று பிந்தியும் பிடித்தது. ஈரச் சாலையில் இச்சமமின்மை வாகனத்தைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. முன்சக்கரங்கள் திரும்பக்கூடியவை என்பதால், அவற்றுக்கும் தண்டுகளை இணைத்துச் சமமாக இயக்குவது மேலும் கடினமாக இருந்தது.

செயற்படும் முறை

மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஜோசப் பிராமா 1795 ஆம் ஆண்டில் உருவாக்கிய நீர்ம அழுத்தப் பொறி இவ்விதியைப் பயன்படுத்தியது. அதே விதியைத் தானுந்துப் பிரேக்குக்குப் பயன்படுத்திய மால்கம், 1917 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இம்முறையில் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளையில் உள்ள உந்துதண்டு நீர்மத்தைத் தள்ளுகிறது. அழுத்தம் குழாய்களின் வழியே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள உருளைக்குச் சென்று, பிரேக் கட்டைகளை விரிக்கிறது. நீர்மம் எளிதில் சுருங்காது என்பதால் விசை உடனடியாகச் சென்று சேர்கிறது. சக்கரங்கள் திரும்பினாலும் ஏறி இறங்கினாலும், வளையும் குழாய் அதற்கு இடம் கொடுக்கிறது.

முதல் பயன்பாடுகள்

1921 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டூசன்பர்க் மாடல் ஏ, நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் கொண்டு தொடர் உற்பத்தி செய்யப்பட்ட முதல் தானுந்தாகக் கருதப்படுகிறது. அது செல்வந்தர் மட்டுமே வாங்கக்கூடிய வண்டியாக இருந்தது.

தொடக்கக் கால அமைப்புகளின் பெரிய குறை கசிவு ஆகும். உருளைகளில் நீர்மத்தை அடைத்து நிறுத்தத் தோலால் ஆன கிண்ண வடிவ அடைப்புகள் பயன்பட்டன. அவை உலர்ந்தும் சுருங்கியும் போனதால் நீர்மம் வெளியேறியது. வால்டர் கிரைசிலரின் பொறியாளர்கள் தோலுக்கு மாற்றாக ரப்பர் அடைப்புகளைப் பயன்படுத்தி இச்சிக்கலைத் தீர்த்தனர். 1924 ஆம் ஆண்டில் வெளிவந்த கிரைசிலர் சிக்ஸ், நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்குடன் நடுத்தர விலையில் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 32,000 வண்டிகள் விற்பனையாயின. மால்கமின் முறை பரவலான ஏற்பைப் பெற இதுவே திருப்புமுனையாக அமைந்தது.

இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா நகரில் இயங்கிய ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று, லாக்ஹீட் என்ற பெயரிலேயே பிரேக்குகளைத் தயாரித்தது. எனினும் எல்லா நிறுவனங்களும் உடனே மாறவில்லை. மெல்லிய குழாயில் உள்ள நீர்மத்தை நம்புவதைவிட எஃகுத் தண்டே உறுதியானது என்ற கருத்து நெடுநாள் நிலவியது. போர்டு நிறுவனம் 1939 ஆம் ஆண்டு மாதிரிகளில்தான் ஹைட்ராலிக் பிரேக்கை ஏற்றுக்கொண்டது.

இறுதிக்காலம்

மால்கமின் பிரேக் நிறுவனம் 1932 ஆம் ஆண்டில் பெண்டிக்ஸ் ஏவியேசன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன்பின் மால்கம் கலிபோர்னியா திரும்பி, தங்கச் சுரங்க முயற்சிகளில் ஈடுபட்டார். முன்னாளில் தங்க வேட்டையால் உருவான மொகலும்னி ஹில் என்ற சிற்றூரில் ஆகஸ்ட் 13, 1958 அன்று காலமானார். ஆலன் 1969 ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிரேக் நீர்மம்

ஹைட்ராலிக் பிரேக்கை எதிர்த்தோரின் அச்சத்தில் ஓரளவு உண்மை இருந்தது. நீர்மம் கசிந்தாலோ, அதில் ஆவி அல்லது காற்று புகுந்தாலோ பிரேக் செயலிழக்கக்கூடும். தொடக்கத்தில் கிளிசரின், ஆமணக்கு எண்ணெய், ஆல்ககால் ஆகியவை கலந்த கலவைகள் பயன்பட்டன. இன்றைய நீர்மங்களில் பெரும்பாலானவை கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனவை. பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் எனப்பட்டாலும் இவை எண்ணெய் அல்ல. இவற்றுடன் எஞ்சின் எண்ணெய் கலந்தால் ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெட்டுவிடும்.

கிளைக்கால் நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறைகிறது. டாட் 3 தரத்தின்படி புதிய நீர்மத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு; சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் குறைந்தது 140 பாகை. டாட் 4 தரத்துக்கு இவை முறையே 230, 155 பாகைகள் ஆகும். நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால், சக்கர உருளை மிகுந்த வெப்பம் அடைகிறது. அப்போது பழைய நீர்மம் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. ஆவி சுருங்கக்கூடியது என்பதால், மிதி தரைவரை சென்றும் வண்டி நிற்பதில்லை. ஈரம் உருளைகளின் உட்புறத்தைத் துருப்பிடிக்கவும் செய்கிறது. ஆகவே பல தயாரிப்பாளர்கள் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்மத்தை மாற்றும்படி பரிந்துரைக்கின்றனர்.

மாற்றும் முறை

மால்கமின் முறை நான்கு சக்கரங்களையும் ஒரே நீர்மத்தொகுதியால் இணைத்ததால், அதனை மாற்றுவது எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய பணியாக உள்ளது. இதற்கு இருவர் தேவை. வண்டி சமதரையில் நிறுத்தப்பட்டு, சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை வைக்கப்படுகிறது. உயர்த்தப்பட்ட வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்காமல், உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தப்படவேண்டும்.

முதலில் முதன்மை உருளையின் மேலுள்ள கலத்திலிருந்து பழைய நீர்மம் உறிஞ்சி எடுக்கப்பட்டு, முத்திரை உடைக்கப்படாத புட்டியிலிருந்து புதியது ஊற்றப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள பிளீடர் திருகில் ஒளிபுகும் குழாய் மாட்டப்பட்டு, அதன் மறுமுனை சிறிது நீர்மம் உள்ள புட்டியில் அமிழ்த்தப்படுகிறது. ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைச் சிறிது திறக்கிறார். நீர்மம் வெளியேறியதும் திருகை மூடிய பின்னரே மிதி விடப்படுகிறது. இவ்வரிசை மாறினால் காற்று உள்ளே நுழையும். குமிழியற்ற புதிய நீர்மம் வரும்வரை இது தொடர்கிறது.

பொதுவாக முதன்மை உருளைக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். எனினும் வண்டியின் கையேடு கூறும் வரிசையே பின்பற்றத்தக்கது. சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்பு கொண்ட சில வண்டிகளுக்குத் தனிக்கருவி தேவைப்படுவதால், அதனையும் கையேட்டில் காணவேண்டும். மேற்கலம் எந்நேரமும் வற்றிவிடக்கூடாது. சிந்திய நீர்மம் வண்ணப்பூச்சைக் கரைக்கும் என்பதால் உடனே நீர் விட்டுக் கழுவவேண்டும். சிலிக்கோனால் ஆன டாட் 5 வகையைக் கிளைக்கால் வகைகளுடன் கலக்கக்கூடாது. பணி முடிந்ததும், எஞ்சினை இயக்கி நின்ற நிலையில் மிதி உறுதியாக உள்ளதா என்று பார்த்த பின்பே வண்டியை நகர்த்தவேண்டும். மிதி பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று உள்ளது என்பது பொருள். அந்நிலையில் வண்டியை ஓட்டுதல் ஆகாது. பழைய நீர்மத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் முறையாக அப்புறப்படுத்தவேண்டும்.

தாக்கம்

மால்கமின் முறையில் ஒரு குழாய் உடைந்தால் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே செயலிழக்கும் நிலை இருந்தது. இக்குறையைப் போக்க, நீர்மத்தை இரு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கும் முறை உருவானது. அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டு முதல் புதிய பயணியர் தானுந்துகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. வட்டுப் பிரேக்குகளும் சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்புகளும் பின்னர் வந்து சேர்ந்தன. ஆயினும் மிதியின் விசையை நீர்மத்தின் வழியே சக்கரத்துக்குக் கடத்தும் அடிப்படை பெரும்பாலான தானுந்துகளில் மாறாமல் தொடர்கிறது.

ஆலனின் பெயரைத் தாங்கிய வானூர்தி நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் மார்ட்டின் மரியெட்டாவுடன் இணைந்து லாக்ஹீட் மார்ட்டின் ஆனது. வானூர்திகளின் புகழுக்கு முன் மூத்தவரான மால்கமின் பெயர் பொதுமக்களிடையே மங்கிவிட்டது. எனினும் வண்டி ஓட்டும் எவரும் நாள்தோறும் பலமுறை காலடியில் பயன்படுத்துவது, இவர் நடைமுறைக்குக் கொண்டு வந்த அமைப்பையே ஆகும்.