சிரிக்க வைத்துத் தமிழ் கற்பித்த வீரமாமுனிவர்

முன்னுரை

மொழி கற்பது மலையேறுவதற்கு ஒப்பாகும். நம் கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலை வளைந்து வளைந்து ஏறுவதை நாம் அனைவரும் அறிவோம். சாலையைச் செங்குத்தாகப் போட்டிருந்தால் எந்தப் பேருந்தும் வெள்ளிமலையை அடைந்திராது. மொழியும் அப்படித்தான். முதல் நாளே உச்சியில் ஏற முயல்பவர் மூச்சிரைத்து அமர்ந்துவிடுவார். தம் காலுக்கேற்ற படியில் ஏறுபவரோ களைப்பின்றி மேலே செல்வார்.

இக்காலத்தில் நம் வயதுப் பிள்ளைகள் பலர் ஜப்பானிய மொழி கற்க ஆவல் கொள்கின்றனர். அவர்களுள் சிலர் 'மங்கா' எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளையே பாடநூலாகக் கொள்கின்றனர். சிறுவர் சிறுமியருக்காக வெளிவரும் மங்காக்களில் கடினமான எழுத்துகளின் அருகே அவற்றின் ஒலிப்பு எளிய எழுத்தில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். நம் வீட்டுத் தம்பி தங்கையர் தொலைக்காட்சியில் கண்டு மகிழும் டோரேமான் முதலில் வெளிவந்தது 1969ஆம் ஆண்டில். அது மழலையர் முதல் நான்காம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குரிய ஆறு இதழ்களில் வெளிவந்தது. ஒவ்வோர் இதழுக்கும் அதைப் படிக்கும் குழந்தைகளின் வயதுக்கேற்பத் தனித்தனிக் கதைகள் வரையப்பட்டன. வேற்று நாட்டார் இத்தகைய எளிய கதைகளில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானவற்றுக்குச் செல்கின்றனர்.

இவ்வழி புதியது என எண்ண வேண்டா. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ் கற்க வந்த வெளிநாட்டாருக்காக நகைச்சுவைக் கதைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார் ஒரு துறவி. அவரே வீரமாமுனிவர். நம் மாவட்டத்தை அடுத்த கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பகுதியில் உள்ள கோணான்குப்பத்தில் அவர் பணியாற்றினார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அப்பெரியாரின் வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வீரமாமுனிவர் பிறந்தார். மாணவர்களின் பாதுகாவலராக நாம் போற்றும் புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698ஆம் ஆண்டில் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் இந்தியாவுக்குச் செல்ல விரும்பி, லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1710ஆம் ஆண்டில் கோவா வந்தடைந்தார். மறு ஆண்டு தமிழ் மண்ணில் அவர் அடி வைத்தபோது அவருக்கு வயது முப்பது.

நாம் தாயின் மடியிலேயே தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவரோ முப்பது வயதில் 'அ, ஆ' என்று தொடங்கினார். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படித்தால்தான் அவருடைய உழைப்பின் அளவு விளங்கும்.

தமிழ் கற்ற வழி

தமிழகம் வந்த பெஸ்கி அடிகள் தம் பெயரைத் 'தைரியநாதர்' எனத் தமிழாக்கிக் கொண்டார். பிற்காலத்தில் 'வீரமாமுனிவர்' என்னும் அழகிய பெயரே நிலைத்தது. சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார் என்பர்.

அந்நாளில் தமிழ் கற்பது எளிதன்று. முதலாவது, நூல்கள் ஓலைச்சுவடிகளில் இருந்தன. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளிகளை விட்டுவிடுவர். எகரம் குறிலா நெடிலா, ஒகரம் குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டும். தமிழ் அறிந்தவர் எளிதில் உணர்வர். புதிதாகக் கற்பவர் எவ்வாறு உணர்வார்?

இரண்டாவது, சொல்லுக்குப் பொருள் அறிய நிகண்டுகளே இருந்தன. அவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவர்க்கன்றிப் பிறர்க்கு விரைவில் பயன்படா.

மூன்றாவது, தெருவில் மக்கள் பேசிய தமிழ் வேறு. புலவர் எழுதிய தமிழ் வேறு. நூலை மட்டும் கற்றவர் சந்தையில் திகைப்பார். பேச்சை மட்டும் கற்றவர் நூலைத் திறந்தால் திகைப்பார்.

இம்மூன்று தடைகளையும் வீரமாமுனிவர் நேரில் கண்டார். கண்டதோடு நில்லாமல், தமக்குப் பின் வருவோர்க்கு அவை தடையாகாதபடி ஒவ்வொன்றாக நீக்க முற்பட்டார்.

தடைகளை நீக்கிய தொண்டு

எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியும்படி எழுத்து வடிவத்தைத் திருத்தியவர் அவரே என்பது தமிழறிஞர் கருத்து. 'கெ' என்பதற்கும் 'கே' என்பதற்கும் நாம் இன்று இருவேறு கொம்புகளை இடுகிறோம். அச்சிறு சுழியில் அயல்நாட்டு மாணவர் ஒருவரின் பரிவு அடங்கியிருக்கிறது.

1732ஆம் ஆண்டில் சதுரகராதியை ஆக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது அது. சொற்கள் அகர வரிசையில் அமைந்தமையால், நிகண்டை மனப்பாடம் செய்யாதவரும் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி திறந்தது.

பேச்சுத் தமிழுக்கும் நூல் தமிழுக்கும் அவர் தனித்தனி இலக்கணம் எழுதினார். பேச்சு வழக்கை விளக்கும் கொடுந்தமிழ் இலக்கணமும், இலக்கிய வழக்கை விளக்கும் செந்தமிழ் இலக்கணமும் இலத்தீன் மொழியில் ஆனவை. கொடுந்தமிழ் இலக்கணம் 1738ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவ்வச்சகம் லுத்தரன் சபையாருடையது. வீரமாமுனிவரோ அச்சபையின் கொள்கைகளை மறுத்து நூல்கள் எழுதியவர். கொள்கையில் மாறுபட்டோரும் அவரது இலக்கணத்தின் பயன் கருதி அதை அச்சிட்டனர் என்றால் அந்நூலின் சிறப்புக்கு வேறு சான்று வேண்டுமோ!

பரமார்த்த குருவின் கதை

எழுத்து, அகராதி, இலக்கணம் மூன்றும் கிடைத்துவிட்டால் மொழி வந்துவிடுமா? வாராது. படித்துப் பழக எளிய உரைநடை வேண்டும். அந்நாளில் தமிழில் உரைநடை நூல்கள் மிகச் சில. புதிதாக வந்த மாணவரின் கையில் காப்பியத்தைக் கொடுத்தால் அவர் முதல் அடியிலேயே நின்றுவிடுவார். இக்குறையை நீக்கவே பரமார்த்த குருவின் கதை பிறந்தது. தமிழ் கற்போர்க்குப் பயிற்சி நூலாகும் வண்ணம் முனிவர் இதனை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அமைத்தார்.

பரமார்த்தர் என்பவர் ஓர் அப்பாவிக் குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்போர் அவருடைய ஐந்து சீடர்கள். பெயரைக் கேட்டவுடனேயே சிரிப்பு வருகிறதல்லவா? இவர்கள் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருக்கும்போது இறங்கக் கூடாது என அஞ்சி, கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கின்றனர். தண்ணீர் சீறுகிறது. ஆறு விழித்திருக்கிறது எனப் பின்வாங்குகின்றனர். பிறகு அணைந்துபோன அதே கட்டையை வைக்கின்றனர். சத்தம் இல்லை. ஆறு உறங்கிவிட்டது என மகிழ்ந்து மெல்ல இறங்கிக் கடக்கின்றனர். கரையேறியதும் எண்ணிப் பார்த்தால் ஐவரே இருக்கின்றனர். எண்ணுபவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணுகின்றனர்! ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதெனக் கதறி அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து எண்ணிக் காட்டிய பின்பே தெளிவடைகின்றனர். மற்றொரு கதையில் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைக்கு வாங்குகின்றனர். அது விழுந்து உடைய, புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி எனத் துரத்துகின்றனர்.

இக்கதைகள் கற்போர்க்கு எவ்வாறு உதவுகின்றன? ஆறு, கட்டை, குதிரை, பூசணிக்காய் என வருவன எல்லாம் அன்றாடம் காணும் பொருள்கள். எண்ணும் கதையில் எண்ணுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. படிப்பவர் மனத்தில் தாமே பதிகின்றன. உரையாடல் மிகுதியாக உள்ளமையால் மக்கள் பேசும் முறை விளங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உண்மை உண்டு. கதை புரிந்தால்தான் சிரிப்பு வரும். ஆகவே, சிரித்த மாணவர் தமக்குப் பொருள் விளங்கியது என்பதைத் தாமே அறிந்து கொள்வார். ஆசிரியர் தேர்வு வைக்க வேண்டியதில்லை. இன்று மங்கா படிப்போர் பெறும் பயனும் இதுவே. அங்கே படம் துணை செய்கிறது. இங்கே நகைச்சுவை துணை செய்கிறது.

பெஞ்சமின் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1822ஆம் ஆண்டில் இக்கதையை லண்டனில் அச்சிட்டார். தமிழ் மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் சேர்த்தார். முதல் கதையின் சொற்களைப் பகுத்து விளக்கமும் தந்தார். முதல் கதைக்குக் கைபிடித்து நடத்துதல். பின்னர்த் தாமே நடக்க விடுதல். எவ்வளவு அருமையான முறை!

இக்கதை பிறர் சமயக் குருக்களை எள்ளுவதற்காக எழுதப்பட்டது எனக் குறை கூறுவோரும் உண்டு. ஆனால், இதில் நகைப்புக்கு இடமாவது மூடத்தனமே. அது எல்லா ஊரிலும் எல்லாச் சமயத்தாரிடத்தும் உண்டு. எனவே, நாமும் நம்மைப் பார்த்தே சிரித்துக் கொள்ளலாம்.

உச்சியில் மலர்ந்த தேம்பாவணி

எளிய கதை எழுதியவருக்கு எளிய தமிழ் மட்டுமே தெரியும் என நினைத்துவிடக் கூடாது. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் 1726இல் பாடிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். தமிழகம் வந்த பதினைந்தே ஆண்டுகளில் இதனைப் பாடி முடித்தார்! எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தையும் இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பெண்கள் பாடி ஆடும் அம்மானை வடிவில் கித்தேரியம்மாள் அம்மானையைப் பாடினார். வேதியர்க்கு உரைநடையில் வேதியர் ஒழுக்கம் எழுதினார்.

புலவர்க்குக் காப்பியம், பெண்களுக்கு அம்மானை, வேதியர்க்கு உரைநடை, புதிதாய்த் தமிழ் கற்போர்க்குச் சிரிப்புக் கதை என்று, படிப்பவர் யார் என அறிந்து அவரவர்க்கேற்பத் தமிழை அளந்து தந்தார். ஏணியின் மேற்படியையும் கீழ்ப்படியையும் ஒருவரே செய்தார். கீழ்ப்படி செய்வதை அவர் இழிவாக எண்ணவில்லை.

இறுதிக் காலம்

கோணான்குப்பத்திலும், திருக்காவலூர் என அவர் பெயரிட்டழைத்த ஏலாக்குறிச்சியிலும் அவர் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னை தமிழ்ப் பெண்ணின் உடையில் காட்சி தருகிறார். முதுமையில் முனிவர் கேரளத்திலுள்ள அம்பலக்காடு சென்று தங்கி, 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1968ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

நாம் கற்க வேண்டியவை

தோழியரே! நமக்கு இப்போது வயது பதினைந்து. முனிவர் தமிழ் கற்கத் தொடங்கியது முதல் காப்பியம் பாடியது வரை சென்ற காலமும் பதினைந்து ஆண்டுகளே. அவரைப் போல் காப்பியம் பாடாவிட்டாலும், ஆங்கிலத்தையோ இந்தியையோ ஜப்பானிய மொழியையோ அஞ்சாமல் கற்க அவர் வழி நமக்குப் போதும்.

நம்மில் பலர் ஆங்கில நூல் என்றாலே ஒதுங்குகிறோம். வரிக்குப் பத்துச் சொல் தெரியாத நூலை எடுத்தால் அகராதியைப் புரட்டியே நேரம் போகும், கதை ஓடாது. ஆகவே, பக்கத்துக்கு இரண்டு மூன்று புதுச்சொற்களே வரும் நூலை எடுப்போம். அது மூன்றாம் வகுப்புக் கதைப் புத்தகமாக இருந்தாலும் வெட்கம் வேண்டா. முப்பது வயதுக் குருக்கள் மட்டியும் மடையனும் வரும் கதையைப் படித்துத் தமிழ் கற்கலாம் எனில், நாம் படக்கதை படித்து ஆங்கிலம் கற்றால் என்ன?

மலைக் கிராமங்களிலிருந்து வந்து நம்மோடு பயிலும் தோழியர்க்கு வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடநூல் தமிழ் ஒன்று. கீழே உள்ள நமக்கும் அவ்வாறே. வீட்டுப் பேச்சைத் தவறென நகைத்து வாயடைக்கச் செய்யும் சொல் நம்மிடையே வேண்டா. பேச்சு வழக்குக்கும் தனி இலக்கணம் எழுதினார் முனிவர். பேச்சு முதற்படி, நூல் அடுத்த படி.

முடிவுரை

நம் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியை மட்டும் நிலைவாரியாக அடுக்கித் தர வேண்டுமெனப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அன்னையரைப் பணிவுடன் வேண்டுகிறோம். கீழ்த்தட்டில் மிக எளிய கதைகளும் மேலே செல்லச் செல்லக் கடினமானவையும் இருக்கட்டும். அடுக்கும் வேலையை நாங்களே மதிய இடைவேளையில் செய்து தருவோம். கீழ்த்தட்டில் முதல் நூலாகப் பரமார்த்த குருவின் கதையையும், மேல்தட்டில் தேம்பாவணியையும் வைப்போம். இடையிலுள்ள படிகளில் ஒவ்வொருவரும் தத்தம் காலுக்கேற்ப ஏறட்டும்.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்! வளர்க தமிழ்!